அறையைப் புதுப்பிப்பதா, குடும்பத்தோடு டூர் போவதா?

மும்பை முலுண்டில் இருக்கும் ஓர் அக்கா போன வாரம் போன் செய்தார். கணவருக்கு போனஸ் வந்திருக்கிறது. எல்லாக் கடனும் போகக் கையில் 1,20,000 ரூபாய். மாமனார் இருக்கும் அறையில் சுவர் உரிந்து கிடக்கிறது, பீரோ கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் மூடுகிறது. இன்னொரு பக்கம், மூத்தவள் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. இந்த மே மாதத்தை விட்டால் குடும்பமாக எங்கேயும் கிளம்ப முடியாது. "நீ ரெண்டும் பண்ணிப் பார்த்தவதானே, எதைச் செய்யட்டும் சொல்லு" என்றார்.

பிப்ரவரி பிறந்தால் செம்பூர், மாட்டுங்கா, டோம்பிவிலி என்று இங்கே நம் தமிழர் வீடுகளில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். மார்ச்சில் வரும் பணம், மே விடுமுறை, அதன் பின்னாலேயே ஜூன் மழை. நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். 2023 ஜனவரியில் அத்தையின் அறையைப் புதுப்பித்தோம். 2024 நவம்பரில் கொங்கண் கடற்கரையில் இருக்கும் தார்கர்லிக்குப் போய் வந்தோம். இரண்டின் பில்லையும் ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அக்காவுக்குப் போனில் சொன்னதை அந்த நோட்டைப் பார்த்துக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவு ஆகும் என்பதைத்தான். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டில் எதைத் தள்ளிப்போட்டால் கெட்டுப்போகும் என்பது. சுவரின் நிறம் பிடிக்கவில்லை என்றால் அது இன்னும் இரண்டு வருடம் அப்படியே இருக்கும், ஒன்றும் ஆகாது. சுவரில் ஓதம் ஏறியிருந்தால் ஒவ்வொரு மழைக்கும் இன்னும் மோசமாகும். கோவா எங்கும் போகாது. மாமனாரின் முழங்காலும் பிள்ளையின் பன்னிரண்டு வயதும் அப்படி இல்லை. ஆகவே அறை, டூர் என்று மொத்தமாக எதிரெதிரே நிறுத்தாமல், ஒவ்வொன்றுக்குள்ளும் காத்திருக்க முடியாதது எது என்று பிரித்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, பலன் யாருக்கு, பாடு யாருக்கு என்பது. எங்கள் வீட்டில் என் கணவர் காலை எட்டு மணி லோக்கலைப் பிடித்தால் இரவு எட்டுக்குத்தான் வருவார். அந்த அறை எந்த நிறத்தில் இருந்தாலும் அவருக்கு அது தூங்கும் இடம். அத்தை ஒரு நாளில் பதினாறு மணி நேரம் அதற்குள்தான் இருக்கிறார். அவர் கட்டிலில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தெரிவது எது என்று நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஒருநாள் அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பீரோவின் பக்கவாட்டுத் தகடு, அதற்குப் பின்னால் பாதி மறைந்த ஜன்னல், சுவரில் பொரிந்து நிற்கும் பழைய பச்சை டிஸ்டம்பர். வேலையைத் தொடங்கும் முன் எந்த டூர் வேண்டும், எந்த நிறம் வேண்டும் என்று எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "எனக்குக் கடல் எல்லாம் வேண்டாம்மா. இந்த ஜன்னல் முழுசாத் திறந்தாப் போதும்."

மூன்றாவது பருவம், நான்காவது முழுச் செலவு. இவை இரண்டையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## அறையைப் புதுப்பித்தல்

### சுவர் முதலில் காய வேண்டும்

பெயிண்ட் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, பைசா செலவில்லை. இரண்டடிக்கு இரண்டடி தடித்த பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்று புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். பிளாஸ்டிக்கின் உள்பக்கம், சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம், நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்தச் சுவரில் எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் அடுத்த ஆகஸ்டில் கொப்பளிக்கும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் அதே அர்த்தம்தான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துப் பணம் யார் போடுவது என்பது மாறும். மொட்டை மாடியிலிருந்தோ கட்டிடத்தின் வெளிச்சுவரிலிருந்தோ இறங்கினால் அதைச் சரிசெய்வது சொசைட்டியின், அதாவது கட்டிடத்துக் குடியிருப்போர் சங்கத்தின், பொறுப்பு. உங்கள் குளியலறைக் குழாயிலிருந்து கசிந்தால் உங்கள் பொறுப்பு. மேல் வீட்டுக் குளியலறை என்றால் அவர்களிடம் பேச வேண்டும், அது தனி யுத்தம். எதுவானாலும் சொசைட்டிக்கு எழுத்தில் கொடுங்கள், கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மும்பையில் மழை சராசரியாக ஜூன் 11 வாக்கில் தொடங்கி அக்டோபர் 8 வாக்கில் விலகுகிறது. தீபாவளிக்கு முன் பெயிண்ட் அடிப்பது இங்கே வழக்கம். ஆனால் நான்கு மாதம் நனைந்த சுவர் இரண்டு வாரத்தில் காயாது, பெயிண்டர்களும் அப்போதுதான் கூலியை ஏற்றிச் சொல்வார்கள். நம் ஊர்களில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள் இல்லையா, அந்தக் கணக்கு மும்பைக்கு அழகாகப் பொருந்துகிறது. டிசம்பர், ஜனவரியில் காற்று காய்ந்திருக்கும், சுவரும் காய்ந்திருக்கும், பெயிண்டரும் கிடைப்பார். நாங்கள் போகிக்கு நான்கு நாள் முன்னால் தொடங்கினோம். தவறினால் மார்ச், ஏப்ரலிலும் செய்யலாம். மே கடைசியில் தொடங்காதீர்கள், வேலை இழுத்துக்கொண்டு மழையில் போய் விழும்.

### கணக்குப் பார்ப்பது எப்படி

பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒன்பதரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரின் நீளம் 44 அடி. உயரத்தோடு பெருக்கினால் 418 சதுர அடி. மேல்தளம் 120. கதவு, ஜன்னலைக் கழித்தால் 500 சதுர அடிக்குப் பக்கத்தில் வரும். பட்டி பார்த்து வழவழப்பாக்கிய சுவரில் இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் பெயிண்ட் 50 முதல் 60 சதுர அடி வரை வரும். அப்படியானால் ஒன்பது, பத்து லிட்டர் போதும். யாராவது இருபது லிட்டர் வாளிக்கு பில் போட்டால் ஏன் என்று கேளுங்கள். பெயிண்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, சொல்லும் விலையில் அது சேர்ந்ததா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பட்டிக்கு பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி உதிரும். வெள்ளை சிமென்ட் கலந்த பட்டி இந்த ஊர்க் காற்றுக்கு நல்லது. ஒன்பதரை அடி உயர அறையில் ஃபால்ஸ் சீலிங் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. அறை தாழ்ந்து, ஃபேன் தாழ்ந்து, மேலே கசிவு வந்தால் அது தெரியாமலே போய்விடும்.

பணம் பெரிதாகப் போவது மரவேலையில்தான். மிஸ்திரிகள் வார்ட்ரோபை முன்பக்கத்துச் சதுர அடிக்கு விலை சொல்வார்கள். ஏழுக்கு ஏழு என்றால் 49 சதுர அடி. உள்ளே எந்தப் பிளைவுட் என்பதில்தான் வித்தியாசம் முழுவதும். பலகையின் மேலேயே இந்தியத் தர முத்திரை இருக்கும். ஐ.எஸ். 710 என்றால் தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளை. ஐ.எஸ். 303இல் எம்.ஆர். கிரேடு ஈரத்தை ஓரளவுக்குத்தான் தாங்கும். வெளிச்சுவரை ஒட்டி வார்ட்ரோப் வருவதாக இருந்தால் 710 கேளுங்கள், சுவருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடமும் விடச் சொல்லுங்கள். பலகை வந்து இறங்கும்போது முத்திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லாமினேட் ஒட்டிய பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

### சொல்லாமல் வரும் செலவு

எங்கள் நோட்டில் இருப்பது இது:

| செலவு | முதலில் போட்ட கணக்கு | முடிந்தபோது |
|---|---|---|
| பட்டி, பிரைமர், பெயிண்ட், கூலி | 22,000 | 24,500 |
| வார்ட்ரோப் | 68,600 | 74,000 |
| ஃபேன், விளக்கு, வயரிங் | 8,000 | 13,500 |
| திரைத்துணி, விரிப்பு | 6,000 | 9,000 |
| டெப்ரி (இடிபாடு அள்ள), சொசைட்டி கட்டணம் | இல்லை | 4,000 |
| வெளிச்சாப்பாடு, சில்லறை | இல்லை | 5,500 |
| மொத்தம் | 1,04,600 | 1,30,500 |

கால் பங்கு ஏறியிருக்கிறது. வார்ட்ரோபில் கூடியது கீல், சேனல், கைப்பிடி. வயரிங்கில் கூடியது, சுவரைச் சுரண்டியபோது உள்ளே பழைய ஒயர் கருகியிருந்தது தெரிந்ததால். அந்த 5,500 மட்டும் எனக்குப் பாடம். பத்து நாள் வீடு முழுக்க உப்புத்தாள் தூசு, சமையலறையில் அத்தையின் கட்டில். இரண்டு வேளை சமைக்கவே முடியவில்லை.

பணத்தில் வராத செலவும் உண்டு. சொசைட்டி காலை பத்து மணிக்கு மேல்தான் சத்தம் போடும் வேலைக்கு அனுமதி தந்தது, மதியம் இரண்டு மணி நேரம் நிறுத்தச் சொன்னது, ஞாயிறு கூடவே கூடாது. ஆறு நாள் என்று சொன்ன வேலை பத்து நாள் ஆனதற்கு அதுதான் காரணம். அத்தனை நாளும் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்தான். நான் அலுவலகத்தில் ஆறு நாள் லீவு போட்டேன், டூருக்கு அதே லீவைப் போட்டிருக்கலாம். ஆஸ்துமா இருப்பவர், கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் பெயிண்ட் வாசனை போகும் வரை அவர்கள் தங்க வேறு இடம் வேண்டும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மிச்சம் பிடிக்கும் வழி உண்டு. ஃபேனும் விளக்கும் லோஹார் சால் சந்தையில் வாங்கினோம். திரைத்துணியை மங்கள்தாஸ் மார்க்கெட்டில் மீட்டர் கணக்கில் எடுத்து வீட்டுப் பக்கத்து டெய்லரிடம் தைத்தோம். ஃபேனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம்தான். ஒரு நாளில் பதினாறு மணி நேரம் ஓடும் அறையில் வித்தியாசம் பில்லில் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகு அத்தைக்கு அதிகம் உதவியது எது தெரியுமா? பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தியதும், தலைமாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஸ்விட்ச் வைத்ததும். ஒன்றுக்குச் செலவே இல்லை. இன்னொன்றுக்கு 600 ரூபாய். ஜன்னல் முழுக்கத் திறந்த அன்று மாலை அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, எதிர்க் கட்டிடத்து ஏ.சி. பெட்டியின் மேல் புறா கூடு கட்டுவதை இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். 74,000 ரூபாய் வார்ட்ரோபை அவர் இன்று வரை ஒரு வார்த்தை புகழவில்லை.

### எப்போது அறையே சரி

சுவரில் ஓதம் இருந்தால், ஒயர் பழையதாக இருந்தால், படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருக்கும் ஒருவர் அந்த அறையில் இருந்தால், யோசிக்கவே வேண்டாம், அறைதான். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கும் அப்படியே. ஆனால் அந்த வேலையில் எது அவசியம், எது ஆசை என்று பிரியுங்கள். சுவர், ஒயர், காற்று, வெளிச்சம் முதல் வரிசை. வார்ட்ரோப் அடுத்த போனஸுக்குப் போகலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு பதில். இங்கே பெரும்பாலும் பதினொரு மாத ஒப்பந்தம். சுவரோடு சேரும் எதற்கும் பணம் போடாதீர்கள். கழற்றி எடுத்துப் போகக்கூடிய ஃபேன், திரை, விளக்கு, மெத்தை, அவ்வளவுதான். மீதிப் பணம் டூருக்கு.

## குடும்பத்தோடு டூர்

எங்கள் வீட்டில் டூர் என்று ஒத்துக்கொள்ளப்பட்ட முதல் பயணம் தார்கர்லிதான். அதற்கு முன் பதினோரு வருடம் விடுமுறை என்றால் திருநெல்வேலி. அதைப் பற்றி அடுத்து சொல்கிறேன்.

லோக்மான்ய திலக் டெர்மினஸில் ஏறி, கொங்கண் ரயில்வே வழியாகக் குடால் போய், அங்கிருந்து வண்டி பிடித்துக் கடற்கரை. ஐந்து பேர், நான்கு இரவு, வீட்டோடு சேர்ந்த ஹோம்ஸ்டேயில் இரண்டு அறை. மால்வண் கரையிலிருந்து படகில் சிந்துதுர்க் கோட்டைக்குப் போனோம், 1664இல் சிவாஜி கட்டத் தொடங்கிய கடற்கோட்டை. படகில் ஏறி இறங்கும்போது அத்தையை இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. கோட்டைக்குள் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு "இதுக்கு மேல நான் நடக்கல, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது பக்கத்தில் கோகம் சர்பத் விற்கும் அம்மாவோடு சைகையிலேயே பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு மராத்தி பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது. மதியம் சோல்கடியை மோர் என்று நினைத்து ஒரே மடக்கில் குடித்து, தேங்காய்ப்பால் என்று தெரிந்ததும் இன்னொரு கிண்ணம் கேட்டார். கடல் வேண்டாம் என்று சொன்ன அதே ஆள். கடைசி நாள் காலையில் எங்களுக்கு முன்னால் எழுந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்றார். போன வருடம் முழங்கால் இன்னும் மோசமாகிவிட்டது. இப்போது அந்தப் படகில் அவரை ஏற்ற முடியாது. 2024ஐத் தவறவிட்டிருந்தால் அது போனதுதான்.

### பில் என்ன சொல்கிறது

| செலவு | முதலில் போட்ட கணக்கு | முடிந்தபோது |
|---|---|---|
| ரயில் | 9,500 | 11,800 |
| தங்கல் | 22,400 | 24,800 |
| சாப்பாடு | 12,500 | 14,000 |
| உள்ளூர் வண்டி | 6,000 | 10,500 |
| படகு, கடல் விளையாட்டு | 3,000 | 5,500 |
| போகும் முன் வாங்கியது | இல்லை | 4,200 |
| வாங்கி வந்தது | இல்லை | 3,400 |
| மொத்தம் | 53,400 | 74,200 |

தொகை அறையை விடக் குறைவு. ஆனால் ஏறிய வேகம் அதிகம், நாற்பது சதவீதத்தை நெருங்குகிறது. ரயிலில் கூடியது, திரும்பும் டிக்கெட்டில் இரண்டைத் தத்காலில் எடுத்ததால். உள்ளூர் வண்டிதான் எல்லோரும் குறைத்துப் போடும் செலவு. ரயில் நிலையத்திலிருந்து கடற்கரை முப்பது கிலோமீட்டருக்கு மேல், வயதானவர் இருந்தால் எங்கே போனாலும் வண்டி. பிள்ளைகளுக்குச் செருப்பு, பை, மாத்திரை, வெயிலுக்குத் தொப்பி என்று கிளம்பும் முன்பே நாலாயிரம். முந்திரியும் கோகமும் வாங்காமல் யாராவது திரும்புவார்களா?

சில விஷயங்கள் தெரிந்திருந்தால் மிச்சமாகும். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, முன்பு 120 நாள். மே 10ஆம் தேதி கிளம்ப வேண்டும் என்றால் மார்ச் 11. தத்காலை நம்பித் திட்டம் போடாதீர்கள். முந்தைய நாள் காலை ஏ.சி.க்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று, ஐந்து பேருக்குச் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஹோட்டல் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18. விலை அந்தக் கோட்டுக்கு அருகில் இருந்தால் கொஞ்சம் குறைந்த அறையை எடுப்பது லாபம்.

சம்பளத்தில் எல்.டி.ஏ. (விடுப்புப் பயணப் படி) வருபவர்கள், பழைய வருமான வரி முறையில் இருந்தால், நான்கு வருடத் தொகுதியில் இரண்டு பயணத்துக்கு வரிவிலக்கு கேட்கலாம். இந்தியாவுக்குள் போன டிக்கெட் செலவுக்கு மட்டும்தான், ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. புதிய முறையில் இந்த விலக்கு இல்லை. எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கடன் வாங்கி டூர் போவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிரெடிட் கார்டில் "நோ காஸ்ட்" தவணை என்று போட்டிருந்தாலும் பிராசஸிங் கட்டணம் உண்டு, வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி. உண்டு. ஓதம் ஏறிய சுவருக்குக் கடன் வாங்கினால் அதில் அர்த்தம் இருக்கிறது. இதில் இல்லை.

### பருவமும் உடம்பும்

மே மாதக் கொங்கண் கடற்கரை வெயிலில் வாட்டும், ஆனால் பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை. மழைக்காலத்தில் சிந்துதுர்க் படகும் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து அலிபாக் பக்கம் மாண்ட்வா போகும் படகுகளும் நின்றுவிடும், கொங்கண் ரயில்களும் மெதுவான அட்டவணைக்கு மாறும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் கடற்கரைக்கு உண்மையான காலம். நடக்க முடியாதவரை மாத்தேரான் மலைக்கு அழைத்துப் போவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்குள் கார் போகாது, தஸ்தூரி வண்டி நிறுத்தத்தோடு நின்றுவிடும். அங்கே அமன் லாட்ஜிலிருந்து சின்ன ரயில் இருக்கிறது, இறங்கிய பிறகு பெரும்பாலும் நடைதான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கும் இடம் எடுக்க வேண்டும்.

### எப்போது டூரே சரி

பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்குள் இருந்தால், பெரியவர்கள் இன்னும் படி ஏறினால், வீட்டில் சமைக்கும் ஆளுக்கு வருடம் முழுக்க ஒரு நாள் லீவு கிடைக்கவில்லை என்றால், டூர். கடைசிக் காரணம் எனக்கு மிக முக்கியம். தங்கும் இடத்தில் சமையல் வசதி இருக்கிறதே, சிக்கனமாகச் சமைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை எடுக்காதீர்கள். மிச்சமாகும் மூவாயிரத்துக்கு அவள் இன்னொரு அடுப்பின் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

## மூன்றாவதாக ஒன்று: ஊருக்குப் போவது

இந்த ஒப்பீட்டில் நம்மவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். "நாங்கதான் வருஷா வருஷம் டூர் போறோமே" என்று ஊருக்குப் போவதை டூர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். தாதரிலோ சி.எஸ்.எம்.டி.யிலோ ஏறி ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து திருநெல்வேலியில் இறங்கினால் கோயில் கொடை, இரண்டு கல்யாணம், ஒரு சடங்கு, மொய், எல்லோருக்கும் துணி. இந்தச் செலவை யாரும் எழுதி வைப்பதில்லை, நானும் எழுதியதில்லை. பதினோரு வருடமாக அது டூரை விடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். வீட்டில் ஐந்து பேருக்குச் சமைத்தவள் அங்கே பதினான்கு பேருக்குச் சமைப்பாள்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் நாக்கில் நிற்பது அந்த இருபது நாளில்தான். செம்பூரில் இந்தியில் சண்டை போடும் என் மகன் அங்கே போனால் "ஏல, பந்தத் தால" என்கிறான். அதற்கு விலை இல்லை. ஆனால் அது குடும்பக் கடமை, அதற்குத் தனிக் கணக்கு போடுங்கள். அதையும் அறையையும் டூரையும் ஒரே பணத்திலிருந்து எடுக்கும் வருடத்தில் டூர்தான் வெட்டுப்படும். எங்கள் வீட்டில் அப்படித்தான் பதினோரு வருடம் போனது.

## ஊருக்குப் போயிருக்கும்போதே வேலையை முடித்துவிட்டால்?

எல்லோருக்கும் வரும் யோசனை இது. எங்களுக்கும் வந்தது. 2019 மே மாதம் ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி ஒரு காண்ட்ராக்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனோம். தினமும் போட்டோ அனுப்பினார், போட்டோவில் எல்லாம் பளபளவென்று இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஸ்விட்ச் போர்டின் விளிம்பெல்லாம் பெயிண்ட், ஜன்னல் கிரில்லில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்த கறை. பட்டி காயும் முன்பே மேலே அடித்திருக்கிறார். ஜூலையில் சோபாவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு கொப்பளம். விரலால் அழுத்தினால் உள்ளே மாவு மாதிரி இருந்தது.

பட்டி, பிரைமர், பெயிண்ட் ஒவ்வொன்றுக்கும் நடுவே காயும் நேரம் வேண்டும். அந்த இடைவெளியைக் கவனிக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டும். மிகவும் நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரர் தினம் வந்து பார்ப்பார் என்றால் மட்டும் சரி. பெயிண்ட் வேலையை நீங்கள் இருக்கும்போது முடித்துவிட்டு, வாசனை போகும் மூன்று நாளுக்கு எங்கேயாவது போய் வருவது இதை விட நல்ல ஏற்பாடு.

## பாதிப் பாதி செய்யலாமா

செய்யலாம், வெட்டும் இடம் சரியாக இருந்தால். பெரும்பாலோர் இரண்டின் தரத்தையும் குறைக்கிறார்கள். மலிவு பெயிண்ட், மலிவு லாட்ஜ். அப்படிச் செய்தால் இரண்டுமே வருத்தம் தரும். தரத்தைத் தொடாமல் பட்டியலைக் குறையுங்கள். அறையில் சுவரும் ஃபேனும் மட்டும், மரவேலை வேண்டாம்: 35,000 முதல் 40,000. டூரில் தூரத்தைக் குறையுங்கள். பாவ்சா தக்கா படகுத்துறையிலிருந்து, வண்டிகளையும் ஏற்றும் ரோ-ரோ கப்பலில் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா, அலிபாக்கில் இரண்டு இரவு. பீரோ தொல்லை கொடுத்தால் ஓஷிவாராவின் பழைய மரச்சாமான் கடைகளை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். புது வார்ட்ரோபின் நினைப்பே மாறலாம்.

## முலுண்ட் அக்காவுக்கு

கையில் 1,20,000. மாமனார் பகல் முழுக்க அந்த அறையில். மகளுக்கு அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. இதில் காத்திருக்கக்கூடியது வார்ட்ரோப் ஒன்றுதான், அதை எடுத்துவிட்டேன். பீரோ கதவுக்குக் கீல் மாற்றினால் போதும்.

மீதி, சுவரைப் பொறுத்தது. பிளாஸ்டிக் காய்ந்திருந்தால் மார்ச் கடைசியில், பரீட்சை முடிந்ததும், பெயிண்ட், ஃபேன், தலைமாட்டில் ஸ்விட்ச். 40,000 ஒதுக்குங்கள். மீதி 80,000இல் மே மாதம் ஐந்து பேரும் நாலைந்து நாள் தாராளமாகப் போகலாம், நாற்பது சதவீத ஏற்றத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கணக்கை 57,000க்குள் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பிளாஸ்டிக்கில் துளி நின்றால் இப்போது பெயிண்ட் வேண்டாம். சொசைட்டிக்கு உடனே எழுதிக் கொடுங்கள், வெளிவேலை ஜூனுக்கு முன் முடிய வேண்டும். மாமனாரின் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், ஃபேனையும் ஸ்விட்சையும் இப்போதே மாற்றுங்கள். டூர் போய் வாருங்கள். 25,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்து, மழை முடிந்து சுவர் காய்ந்ததும் பொங்கலுக்கு முன்னால் அடியுங்கள்.

எப்படியும், மே 10 கிளம்புவதானால் டிக்கெட்டுக்கு மார்ச் 11 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். மாமனாருக்கு லோயர் பெர்த் கேட்டு, வயதைச் சரியாகப் போட்டு. பிளாஸ்டிக்கை இன்று இரவே ஒட்டுங்கள், பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில்.